ரொசாரியோ ஃப்ளோரெஸ்: எந்தப் பாட்டில் தொடங்குவது, எந்தப் படத்தைப் பார்ப்பது?

கேள்வி: ‘மணி ஹெய்ஸ்ட்’ தொடரில் நைரோபியாக வந்த ஆல்பா ஃப்ளோரெஸின் அத்தை பெரிய பாடகி, நடிகையும்கூட என்று படித்தேன். ரொசாரியோ என்று தேடினால் என்னென்னவோ வருகிறது. அவர் பாடல்களை எங்கிருந்து தொடங்குவது? ஸ்பானிஷ் தெரியாது. அம்மா லோலா ஃப்ளோரெஸின் பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் மகளிடம் வர வேண்டுமா?

பதில்: தேடல் சிக்கலை முதலில் முடித்துவிடுவோம். ஆல்பம் அட்டைகளில் பெரும்பாலும் ‘ரொசாரியோ’ என்று மட்டுமே இருக்கும். அதே பெயரில் அர்ஜென்டினாவில் ஒரு நகரம் இருக்கிறது, கால்பந்து வீரர் மெஸ்ஸி பிறந்த ஊர். வெறும் பெயரைப் போட்டால் அதுதான் முன்னால் வந்து நிற்கும். பாடல் செயலியில் பெயரோடு ஆல்பத்தின் தலைப்பையும் சேர்த்துப் போடுங்கள். படங்களுக்கு ‘ரொசாரியோ ஃப்ளோரெஸ்’ என்று தேட வேண்டும்.

இன்னொரு குழப்பமும் வரும். ஸ்பெயினில் ஒருவருக்கு இரண்டு குடும்பப் பெயர்கள்: வழக்கமாக அப்பாவுடையது முன்னால், அம்மாவுடையது பின்னால். அந்தக் கணக்கில் இவர் ரொசாரியோ கோன்சாலெஸ் ஃப்ளோரெஸ். அக்கா லோலிதா, அண்ணன் அந்தோனியோ, இவர் என மூவருமே மேடைக்கு அம்மாவின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். ஆல்பா விஷயத்தில் இது இன்னும் வேடிக்கை. அவர் அந்தோனியோவின் மகள், ஆவணத்தில் ஆல்பா கோன்சாலெஸ் வீயா. ஃப்ளோரெஸ் அவருக்குப் பாட்டி வழியில் வந்த மேடைப்பெயர் மட்டுமே.

லோலாவைக் கேட்டுவிட்டுத்தான் வர வேண்டுமா என்றால், வேண்டாம். பலர் சறுக்குவது இங்கேதான். லோலா ஃப்ளோரெஸ் 1923-இல் ஹெரெஸ் தே லா ஃப்ரொன்தேராவில் பிறந்தவர். ‘லா ஃபராவோனா’, அதாவது பாரோ அரசி என்று ஸ்பெயின் முழுக்கக் கொண்டாடப்பட்டவர். அவர் பாடியது பெரும்பாலும் ‘கொப்லா’. கதை சொல்லும், கண்ணீர் விடும், கையை வீசி முகத்தால் பாதி பாடும் மேடைப்பாட்டு அது. அந்தக் காதோடு மகளிடம் வந்தால் ‘இதில் என்ன இருக்கிறது’ என்றுதான் தோன்றும். ரொசாரியோ பெயரை அம்மாவிடம் வாங்கினார், தாளத்தை அப்பாவிடம் வாங்கினார்.

அப்பா அந்தோனியோ கோன்சாலெஸ், பார்சிலோனாவின் கிராசியா பகுதியைச் சேர்ந்த ஹிதானோ, அதாவது ஸ்பெயினின் ரோமா இனத்தவர். ‘எல் பெஸ்காய்யா’ என்றால்தான் தெரியும். கட்டலான் ரும்பா என்ற, பார்சிலோனா ஹிதானோக்களின் கிதார் பாட்டுப் பாணியை உருவாக்கியவர் அவரா, பெரெட் என்ற பாடகரா என்ற வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. 1957-இல் லோலாவை மணந்து மாட்ரிட் வாசியானார். புகழ் பெரெட்டிடம் போய்ச் சேர்ந்தது.

அந்த ரும்பாவின் உயிர் ‘வென்திலதோர்’ என்ற கை வித்தை. ‘மின்விசிறி’ என்று பொருள். வலது மணிக்கட்டு விசிறிபோல் சுழல, விரல்கள் கம்பிகளைக் கீழ்நோக்கியும் மேல்நோக்கியும் வருடும். இடையிடையே கை கம்பிகள் மீதும் கிதாரின் பலகை மீதும் தட்டிவிட்டுப் போகும். ஒரே கிதார், சுருதிக்கும் அதுவே, மத்தளத்துக்கும் அதுவே. இதைக் காது பிடிக்க நமக்குச் சொற்கட்டு போதும்: தகிட தகிட தக. மூன்று, மூன்று, இரண்டு, மொத்தம் எட்டு. ஆதி தாளம் போல எட்டுத் தட்டாகப் போடாதீர்கள், பாட்டு உங்களை விட்டுவிட்டு ஓடிவிடும். காலால் நான்கு தட்டு, அதற்குள் அரை அரையாக எட்டு. அழுத்தம் 1, 4, 7 ஆகிய இடங்களில் விழும்.

ஃப்ளமெங்கோ (தென் ஸ்பெயினின் பாட்டும் ஆட்டமும்) என்றாலே பன்னிரண்டு எண்ணிக்கைச் சுற்றான புலேரியா என்று எண்ணி, இவரிடம் அந்தப் பன்னிரண்டைத் தேடுபவர்களும் உண்டு. புலேரியா தகிட தகிட தக தக தக என்று போகும், அழுத்தம் 12, 3, 6, 8, 10-இல். ரொசாரியோவின் பிரபலமான பாடல்களில் பெரும்பாலானவை நான்கில் ஓடுபவை. ரும்பாவின் மேல் பாப்பும் ஃபங்க்கும் ஏறியிருக்கும். எண்ணிப் பார்த்துக் குழம்பினால் தவறு உங்களுடையதல்ல, தப்பான கட்டத்தில் எண்ணுகிறீர்கள், அவ்வளவுதான்.

தொடங்க வேண்டிய ஆல்பம் 1992-இல் வந்த ‘தே லெய்’. தங்கத்துக்குச் சொல்லும் சொல் அது, மாற்றுக் குறையாதது என்று பொருள். இதில் பல பாடல்கள் அண்ணன் அந்தோனியோ எழுதியவை. முதலில் ‘மி கதோ’வை (என் பூனை) இரண்டு முறை கேளுங்கள். முதல்முறை குரலை விட்டுவிட்டுக் கைத்தட்டலை மட்டும் பின்தொடருங்கள், இரண்டாம் முறை குரல். அவர் குரல் அகலமானது அல்ல, சற்றே கரகரப்பானது. அதன் பலம் தட்டுக்குக் கொஞ்சம் பின்னால் தங்கி, கடைசி நொடியில் வந்து சேர்வதில்தான் இருக்கிறது.

அடுத்து ‘முசாஸ் ஃப்ளோரெஸ்’, 2001. ‘நிறையப் பூக்கள்’ என்றும் படிக்கலாம், ‘நிறைய ஃப்ளோரெஸ்கள்’ என்றும் படிக்கலாம். 2002-இல் லத்தீன் கிராமி பெற்றது இது. 2003-இன் ‘தே மில் கொலோரெஸ்’ 2004-இல் அதே விருதை மறுபடி வாங்கியது. நடுவில் வரும் 1996-இன் ‘முசோ போர் விவிர்’ (வாழ இன்னும் நிறைய) ஆல்பத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். 1995 மே 16 அன்று அம்மா இறந்தார், மே 30 அன்று அண்ணன் இறந்தார், 33 வயதில். பதினான்கு நாள் இடைவெளி. அதன் பிறகு வந்த ஆல்பத்துக்கு இப்படி ஒரு தலைப்பு.

வரிகளின் பொருளை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டால் சில இடங்களில் உளறும். காரணம், அந்த வீட்டுப் பேச்சு தென் ஸ்பெயினின் அந்தலூசிய வழக்கும் ஹிதானோ வழக்கும் கலந்தது, எழுத்துகளை விழுங்கும். ‘நாதா’ (ஒன்றுமில்லை) ‘நா’ ஆகும், ‘பாரா’ ‘பா’ ஆகும், ‘-ஆதோ’ என முடிவது ‘-ஆவோ’ ஆகும். அப்பாவின் பட்டப்பெயரே அப்படித்தான். ‘பெஸ்கதிய்யா’ என்ற ஒரு சிறு மீனின் பெயர் நடு எழுத்தைத் தொலைத்துவிட்டு ‘பெஸ்காய்யா’ ஆனது. ரொசாரியோவின் 2021 ஆல்பத்தின் தலைப்பும் ‘நா’ என்றுதான் முடிகிறது. விழுங்கிய எழுத்தை மீட்டுப் போட்டுவிட்டுத் தேடினால் பொருள் கிடைத்துவிடும்.

நடிப்பைப் பொறுத்தவரை இரண்டு படங்கள் போதும். இயக்குநர் எலோய் தே லா இக்லேசியாவின் ‘கொலேகாஸ்’, 1982. மாட்ரிட் புறநகரின் வேலையற்ற இளைஞர்களைப் பற்றியது. இதில் அந்தோனியோவும் இவரும் அண்ணன் தங்கையாகவே நடித்தார்கள். முரட்டுப் படம், குழந்தைகளோடு உட்கார்ந்து பார்ப்பதற்கில்லை.

அடுத்தது இயக்குநர் பெத்ரோ அல்மொதோவாரின் ‘ஆப்லே கொன் எய்யா’ (அவளிடம் பேசு), 2002. திரைக்கதைக்காக ஆஸ்கர் பெற்ற படம். இவர் லிதியா என்ற காளைச் சண்டை வீராங்கனை. பாடுவார் என்று காத்திராதீர்கள், படத்தில் பாடுகிறவர் பிரேசிலின் கயெதானோ வெலோசோ. கதையின் பெரும்பகுதியில் லிதியா கோமாவில் கிடப்பார், ஆகவே முற்பகுதியைத் தவறவிடக் கூடாது. வீட்டில் பாம்பைக் கண்டு அலறிக்கொண்டு வெளியே ஓடிவரும் அதே பெண், அரங்கில் காளை வெளிவரும் வாயிலுக்கு நேர் எதிரே மண்டியிட்டு உட்காருவார். அந்த முகத்தில் வசனமே இல்லை. நீண்ட தாடை, இறுகிய வாய். அல்மொதோவாருக்குத் தேவைப்பட்டது அந்த முகம்தான்.

அதே ஆண்டு வந்த ‘ரென்கோர்’ படத்தில் நடித்து, அக்கா லோலிதாவும் ஸ்பெயினின் கோயா திரைப்பட விருதை, புதுமுக நடிகைக்கானதை, வாங்கினார். 1975-இலேயே ‘அமோர், அமோர்’ பாட்டால் ஊரறிந்தவருக்குப் புதுமுக விருது!

ஸ்பெயினின் இளைய தலைமுறை ரொசாரியோவை அறிவது 2014-இல் தொடங்கிய ‘லா வோஸ் கிட்ஸ்’ என்ற சிறுவர் பாட்டுப் போட்டி நிகழ்ச்சியின் நடுவராக. அங்கே பக்கத்து நாற்காலியில் இருந்த பாடகி மலூ, கிதார் மேதை பாகோ தே லூசியாவின் அண்ணன் மகள். அந்த ஊரில் இப்படிக் கலைக் குடும்பங்களிலிருந்து வருவது சகஜம்.

கடைசியாக ஒரு ஜோடிப் பாட்டு. அந்தோனியோ 1980-இல் பாடிய ‘நோ துதாரியா’, வன்முறையைக் கைவிடுவேன் என்று உறுதி சொல்லும் பாட்டு. ரொசாரியோ அதை 2006-இன் ‘கொன்திகோ மே வோய்’ ஆல்பத்தில் பாடினார். அண்ணன் குரலை முதலில், தங்கை குரலைப் பிறகு கேளுங்கள். பிறகு அந்தோனியோவின் 1994 ஆல்பமான ‘கோசாஸ் மியாஸ்’ பக்கம் போனால் ‘ஆல்பா’ என்று ஒரு பாட்டு இருக்கும். ஆல்பா என்றால் விடியல். உங்கள் நைரோபிக்கு, அவர் சிறுமியாக இருந்தபோது அப்பா எழுதிக் கொடுத்தது.