திறன் அடிப்படை இன்டர்வியூ: கேள்வி பதில்

கேள்வி: அழைப்புக் கடிதத்தில் "திறன் அடிப்படையிலான நேர்காணல்" என்று போட்டிருக்கிறார்கள். வழக்கமான இன்டர்வியூவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் சார்?

பதில்: "கோபமாக வரும் வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பீர்கள்?" என்று கேட்க மாட்டார்கள். "அப்படி ஒருவரைச் சமாளித்த சந்தர்ப்பம் ஒன்றைச் சொல்லுங்கள்" என்பார்கள். நடந்ததுதான் வேண்டும். ஒவ்வொரு திறனுக்கும் தனி மதிப்பெண் உண்டு. 1 முதல் 5 வரை என்ற அளவு பரவலாக இருக்கிறது. நீங்கள் பேசப் பேச எழுதிக்கொண்டே இருப்பார்கள். நிமிர்ந்து பார்க்கவில்லையே என்று பதற வேண்டாம். பொதுவான அறிவுத் தேர்வைவிட வேலைக்குத் தேவையான திறனைச் சோதிப்பதே சரி என்று உளவியலாளர் டேவிட் மெக்லீலண்ட் 1973இல் வாதாடினார். இந்த முறை பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. "நான் பொறுமைசாலி" என்று சொன்னால் அவர்களின் மதிப்பெண் தாளில் எழுத ஒன்றும் கிடைக்காது. பொறுமையாக இருந்த அன்று என்ன செய்தீர்கள் என்றால் கிடைக்கும்.

கேள்வி: நாலு நாள்தான் இருக்கிறது. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

பதில்: வேலை விளம்பரத்திலிருந்து. அதில் வரும் வினைச்சொற்களை அடிக்கோடிடுங்கள்: ஒருங்கிணைத்தல், முன்னுரிமை கொடுத்தல், இணங்க வைத்தல் என்று. ஐந்தாறு திறன்கள் தேறும். ஒரு தாளில் கட்டம் போட்டு, மேலே திறன்களையும் இடப்பக்கம் உங்கள் சம்பவங்களையும் எழுதுங்கள். ஆறு முதல் எட்டுச் சம்பவங்கள் போதும், கடந்த இரண்டு மூன்று வருடத்துக்குள் நடந்தவையாக இருந்தால் நல்லது. எந்தச் சம்பவம் எந்தத் திறனைக் காட்டுகிறதோ அங்கே டிக் போடுங்கள். ஒவ்வொரு திறனுக்கும் கீழே குறைந்தது இரண்டு டிக் விழ வேண்டும். ஒன்றே ஒன்று என்றால், அதை வேறு கேள்விக்குச் செலவழித்த பிறகு கையில் ஒன்றும் மிஞ்சாது. முதல் நாள் இந்தக் கட்டம், இரண்டாம் நாள் ஒவ்வொரு சம்பவத்துக்கும் குறிப்பு. மீதி இரண்டு நாளும் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதற்கு. பலரும் எழுதுவதோடு நிறுத்திவிடுகிறார்கள், அதனால்தான் அறைக்குள் தடுமாறுகிறார்கள்.

கேள்வி: 'ஸ்டார்' முறை தெரியும். ஆனாலும் பதில் நீண்டுகொண்டே போகிறது.

பதில்: ஸ்டார் (STAR) என்பது சூழல் (Situation), பொறுப்பு (Task), செயல் (Action), விளைவு (Result) என்ற வரிசையில் பதில் சொல்வது. இந்த நான்கில் சூழல்தான் நேரத்தைத் தின்கிறது. இரண்டு நிமிடப் பதிலில் சூழலும் பொறுப்பும் சேர்ந்து 30 நொடி, செயல் 70 நொடி, விளைவு 20 நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். போனில் பதிவு செய்து கேளுங்கள். எங்கே இழுக்கிறது என்று உடனே பிடிபடும்.

ஒரு பதிலைப் பார்ப்போம். "மாதாந்திர அறிக்கை எப்போதும் தாமதமாகும். எல்லோரையும் ஒருங்கிணைத்துச் சரிசெய்தேன்." இதற்கு மதிப்பெண் எங்கே போடுவது? இதையே இப்படிச் சொல்லலாம்: "ஐந்து கிளைகளில் இரண்டு மட்டும் தாமதமாக அனுப்பின. மெயில் போடாமல் இரண்டு பேரையும் போனில் கூப்பிட்டுக் காரணம் கேட்டேன். எங்கள் படிவத்தில் அவர்களுக்குச் சம்பந்தமில்லாத பத்துக் கட்டங்கள் இருந்தது தெரிந்தது. அவற்றை எடுத்துவிட்டு, மேலாளரிடம் ஒப்புதல் வாங்கி, ஒரு மாதம் சோதித்தேன். ஐந்தாம் தேதி வந்துகொண்டிருந்த அறிக்கை இரண்டாம் தேதி வந்தது." மெயிலுக்குப் பதில் போன் ஏன் என்பது ஒரு முடிவு. அந்த மாதிரி முடிவுகளைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

கேள்வி: குழுவாகச் செய்த வேலையில் "நான், நான்" என்றால் தற்பெருமையாகத் தெரியாதா மேடம் என்று கல்லூரியில் கேட்டேன், பதில் கிடைக்கவில்லை. நீங்கள் சொல்லுங்கள் சார்.

பதில்: குழு எதற்காகக் கூடியது என்பதை "நாங்கள்" என்று ஒரு வரியில் சொல்லுங்கள். அடுத்து யார் எதைச் செய்தார்கள் என்று பிரித்து, உங்கள் பங்குக்கு வாருங்கள். மற்றவர் செய்ததை அவர் பெயரிலேயே விட்டால் தற்பெருமை எங்கே வருகிறது? கடைசிவரை "செய்தோம், முடித்தோம்" என்று போனால், "அதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்கும்படி ஆகும்.

கேள்வி: என் வேலையில் விளைவைச் சொல்ல எண்ணே கிடையாது.

பதில்: முன்பு எப்படி, பிறகு எப்படி என்று சொல்லுங்கள். நின்றுபோன புகார், நீங்கள் போட்ட முறையை இன்னொரு பிரிவும் எடுத்துக்கொண்டது, இவையெல்லாம் விளைவுதான். எண்ணைக் கற்பனை செய்யாதீர்கள், "எப்படிக் கணக்கிட்டீர்கள்?" என்ற அடுத்த கேள்விக்கு நிற்காது.

கேள்வி: தோல்வியைப் பற்றிக் கேட்டால்?

பதில்: உங்கள் தவறாகவே இருக்கட்டும். "அளவுக்கு மீறி உழைத்தேன்" என்பது மழுப்பல் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியும். நேர்மை, பாதுகாப்பு சம்பந்தப்பட்ட தவறும் வேண்டாம். தவறு என்ன, தெரிந்ததும் யாரிடம் சொன்னீர்கள், எப்படிச் சரிசெய்தீர்கள் என்று சொல்லிவிட்டு, பிறகு அதே மாதிரி நிலைமை வந்தபோது வேறாக நடந்துகொண்டதையும் சேருங்கள். பாடம் கற்றேன் என்பதற்கு அதுதான் சான்று; பலர் விட்டுவிடுவதும் அதையேதான்.

கேள்வி: இப்போதுதான் படிப்பு முடித்தேன். அனுபவம் இல்லை.

பதில்: புராஜெக்ட், பயிற்சிக் காலம், தன்னார்வப் பணி, விளையாட்டு அணி எல்லாம் செல்லும். சம்பவம் சின்னதாக இருக்கலாம், உங்கள் செயல் தெளிவாக இருக்க வேண்டும்.

கேள்வி: மனப்பாடம் செய்துகொண்டு போகலாமா?

பதில்: வேண்டாம். வரி வரியாகப் படித்தால் குறுக்குக் கேள்வி வந்ததும் அறுந்துபோகும். சம்பவத்துக்கு ஐந்து குறிச்சொற்கள் போதும். அதோடு இந்த நாலு கேள்விக்கும் பதில் வைத்திருங்கள்: ஏன் அந்த வழி? வேறென்ன யோசித்தீர்கள்? யார் எதிர்த்தார்கள்? இன்று என்றால் எதை மாற்றுவீர்கள்?

கேள்வி: அந்த நேரத்தில் ஒன்றுமே நினைவுக்கு வராவிட்டால்?

பதில்: "கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன்" என்று கேட்டு, பத்துப் பதினைந்து நொடி எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. "அப்படி வந்தால் இப்படிச் செய்வேன்" என்று மட்டும் தாவாதீர்கள். அதே நிலைமை வந்ததில்லை என்றால் அதைச் சொல்லிவிட்டு, அதற்கு நெருக்கமாக நடந்த ஒன்றைச் சொல்லுங்கள்.