இணையதளத்தின் உள்தேடலில் பயனுள்ள முடிவுகள் வர என்ன செய்யலாம்?

தேடல் மென்பொருளை மாற்றினால் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் ஆகாது. பரவலாகப் பயன்படும் தேடல் மென்பொருள்களான எலாஸ்டிக்சர்ச், சோலர் இரண்டுமே லூசீன் என்ற ஒரே நிரல்தொகுப்பின் மேல் நிற்பவை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவினால் அலைச்சல்தான் மிச்சம்.

முதலில் தேடல் பதிவுகளை, அதாவது பயனர்கள் தேடல் பெட்டியில் தட்டிய சொற்களின் பதிவை, எடுத்துப் படியுங்கள். ஒரு மாதத்துத் தேடல்களை, அதிகம் தேடப்பட்டவை மேலே வரும்படி அடுக்கி, ஒரு முடிவுகூட வராதவற்றைத் தனியே பிரித்துவிடுங்கள். கோளாறு எங்கே என்பது அந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடும். ‘பணம் திரும்பக் கிடைக்குமா’ என்று ஒருவர் தேடியிருப்பார். உங்கள் பக்கமோ ‘மீளளிப்பு விதிமுறைகள்’ என்ற தலைப்போடு மிடுக்காக உட்கார்ந்திருக்கும். சொல்லைச் சொல்லோடு ஒப்பிடும் எந்த முறையும் இவ்விரண்டையும் சேர்த்துவைக்காது. ஒரே பொருள் தரும் சொற்களைத் தேடல் மென்பொருளுக்குச் சொல்லிவைக்கும் இணைச்சொல் பட்டியலில் இதைச் சேர்க்கலாம். தலைப்பையே மக்கள் பேசும் சொல்லில் எழுதிவிடுவது அதைவிட நல்லது.

தளம் தமிழில் இருந்தால் கூடுதல் வேலை உண்டு. ‘கட்டணம்’ என்று தேடுபவருக்குக் ‘கட்டணத்தை’, ‘கட்டணங்கள்’ என்று எழுதிய பக்கங்களும் வர வேண்டும். வேற்றுமை உருபையும் பன்மை விகுதியையும் வெட்டி அடிச்சொல்லை எடுக்கும் நிரல், பல மொழிகளுக்கு இத்தகைய நிரல்களைத் தரும் ஸ்னோபால் தொகுப்பில் தமிழுக்கும் இருக்கிறது. ஆனால் அது சில இடங்களில் அளவுக்கு மீறி வெட்டிவிடும். உங்கள் சொற்களை வைத்துச் சோதித்த பிறகே நம்புங்கள். இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாத தொல்லை. ‘கொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். பார்வைக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. பக்கங்களையும் தேடும் சொல்லையும் என்எஃப்சி (NFC) என்ற, இத்தகைய இரட்டை வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இது தீரும். ‘ஸ்ரீ’ மட்டும் இதற்கு அடங்காது. ஸகரத்தில் தொடங்கியும் ஶகரத்தில் தொடங்கியும் அதை எழுத முடியும் என்பதால் தனி விதி வேண்டும்.

எந்த முடிவு மேலே வர வேண்டும் என்ற தரவரிசைக்கு லூசீன் 2016 முதல் பிஎம்25 (BM25) என்ற கணக்கீட்டையே இயல்பாகப் பயன்படுத்துகிறது; தேடிய சொல் பக்கத்தில் எத்தனை முறை வருகிறது, அது எவ்வளவு அரிதான சொல் என்பவற்றை வைத்து அது மதிப்பெண் போடும். அந்தக் கணக்கீட்டின் எண்களைத் திருகுவதில் நாள்களைக் கழிக்காதீர்கள். தலைப்பில் வரும் சொல்லுக்குப் பக்கத்தின் உள்ளே வருவதைவிட அதிக எடை கொடுங்கள். பலருக்கு அதுவே போதும்.

எதை மாற்றினாலும் அளந்து பாருங்கள். அடிக்கடி வரும் 50 தேடல்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் முதல் ஐந்து முடிவுகளில் உதவக்கூடியவை எத்தனை என்று கையாலேயே மதிப்பெண் போடுங்கள். மாற்றத்துக்குப் பின் அதே 50-ஐ மறுபடி ஓட்டுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் கூட்டத்தில் யார் குரல் ஓங்குகிறதோ அவர் சொல்வதே முடிவாகும் நிலை இதனால் மாறும்.

சொற்களை எண் வரிசைகளாக்கி, பொருளுணர்ந்து தேடும் வெக்டார் முறை இப்போது எல்லோர் வாயிலும் இருக்கிறது. முழு வாக்கியமாகக் கேட்பவர்களுக்கு அது நன்றாகவே உதவும். ஒரு சாதனத்தின் மாதிரி எண்ணையோ ரசீது எண்ணையோ தேடுபவருக்கு அது கிட்டத்தட்ட ஒத்த வேறொன்றை நீட்டிவிடும். ஆகவே பழைய சொல் தேடலைக் கழற்றாமல், இரண்டையும் சேர்த்தே ஓட்டுங்கள்.