ச–ப சேர்த்து ஒலித்தால் ஏன் ஆடுகிறது?

வணக்கம். ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகையில் சுருதிப் பெட்டி செய்கிறீர்கள். ஒன்றரைக் கட்டையில் ச தனியாக நன்றாக இருக்கிறது, ப சேர்ந்ததும் இரண்டு விநாடிக்கு ஒரு முறை ஒலி ஏறி இறங்குகிறது, பலகைக்குக் கடிகாரத் துடிப்பைத் தரும் கிரிஸ்டலை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், காசு வீண். இரண்டு சுரமும் ஒரே கடிகாரத்தில்தான் ஓடுகின்றன. அது பிசகினால் இரண்டும் ஒரே விகிதத்தில்தான் பிசகும்.

கோளாறு உங்கள் 16 பிட் ஃபேஸ் எண்ணியில், அதாவது ஒவ்வொரு சாம்பிளுக்கும் (வெளியே அனுப்பும் ஒவ்வொரு ஒலி மதிப்புக்கும்) ஒரு 'படி' கூட்டி, அலையில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று காட்டும் எண்ணில். விநாடிக்கு 31,250 சாம்பிள் என்றால் படியில் ஒன்று கூடினால் அதிர்வெண் ஏறுவது 31250/65536, அதாவது சுமார் 0.48 ஹெர்ட்ஸ். ச 138.59 ஹெர்ட்ஸுக்குப் படி 290.64 வேண்டும், நீங்கள் 291 போட்டிருக்கிறீர்கள். பவுக்கு 436. இப்போது 291ஐ மூன்றாலும் 436ஐ இரண்டாலும் பெருக்கிப் பாருங்கள்: 873, 872. உங்கள் ஒலி ரம்ப அலை (ரம்பப் பல் வடிவ அலை) என்பதால் அதில் அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளான மேற்சுரங்களும் ஒலிக்கும்; சவின் மூன்று மடங்கு மேற்சுரமும் பவின் இரண்டு மடங்கு மேற்சுரமும் அந்த 0.48 ஹெர்ட்ஸ் இடைவெளியில் உரசுகின்றன. நீங்கள் கேட்கும் ஆட்டம் அதுதான்.

உடனே சோதிக்க 290, 435 போடுங்கள். சரியாக 3:2, ஆட்டம் நின்றுவிடும். சுருதி ஒரு மயிரிழை இறங்கும், அவ்வளவுதான். அப்புறம் நிதானமாக எண்ணியை 32 பிட்டாக மாற்றி, மேல் 8 பிட்டை மட்டும் அலை வடிவ அட்டவணையில் மதிப்பைத் தேட எடுங்கள். ஒரு சாம்பிளுக்கு 512 கடிகாரச் சுழற்சி இருக்கிறது, தாராளமாகப் போதும். பவின் படியைத் தனியாகக் கணக்கிடாதீர்கள். சவின் படியோடு அதில் பாதியைக் கூட்டுங்கள். முதன்மை லூப்பிலிருந்து படியை மாற்றும்போது மட்டும் இன்டரப்டை (சாம்பிள் நேரம் வந்ததும் குறுக்கிட்டு ஓடும் நிரலை) ஒரு கணம் நிறுத்துங்கள், இல்லையென்றால் 'டப்' என்று கேட்கும்.