ஸ்டூல் லிஃப்ட்டுக்குப் பின்னால் இருக்கிறது

கேள்வி: அக்கா, தி.நகரில் ஒரு பெரிய துணிக்கடையில் ஆறு வருஷமாக வேலை பார்க்கிறேன். இரண்டாவது மாடி, சுடிதார் பிரிவு. ஊர் சங்கரன்கோவில் பக்கம். வயது 27. கடை ஹாஸ்டலில்தான் தங்கியிருக்கிறேன். காலை ஒன்பதரைக்கு மாடி ஏறினால் ராத்திரி பத்து மணி வரை நின்றபடிதான். உட்கார வசதி செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தபோது கடையில் ஸ்டூல் வாங்கினார்கள். ஆனால் பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல் லிஃப்ட்டுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கிறார்கள். போன மாதம் ஒரு மத்தியானம் கஸ்டமரே இல்லாத நேரத்தில் ஒன்றை எடுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் திட்டினார். "சட்டப்படிதானே சார் உட்கார்ந்தேன்" என்று சொல்லிவிட்டேன். மறுநாளே குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது மற்ற பெண்கள் "நீங்க பேசுங்கக்கா, நாங்க இருக்கோம்" என்கிறார்கள். மகளிர் தினத்தன்று கடையில் கேக் வெட்டினார்கள். ஒரு மேடம் வந்து, அமைதிக்காகவும் மனித உரிமைக்காகவும் பாடுபட்ட பெண் தலைவர்களின் படங்களைக் காட்டிப் பேசினார். அவர்களெல்லாம் பெரியவர்கள். நான் பத்தாவது படித்தவள். தம்பி காலேஜ் ஃபீஸ் என் சம்பளத்தில்தான் போகிறது. என்னால் முடியுமா? பேசாமல் இருந்துவிடட்டுமா?
— பெயர் வேண்டாம், தி.நகர்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் ஒரே இடத்தில் நின்றுவிட்டேன். "நீங்க பேசுங்கக்கா, நாங்க இருக்கோம்." இதே வார்த்தையை நானும் கேட்டிருக்கிறேன்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் சென்னையில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தேன். நாங்கள் பதினொரு பெண்கள். எங்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே காவல் நிற்க வேண்டும். பீஸ் ரேட், அதாவது முடித்த எண்ணிக்கைக்குத்தான் கூலி என்பதால் காவல் நிற்கிறவளுக்கும் காசு போகும். "நீ போய்ச் சொல்லு, நாங்க இருக்கோம்" என்றார்கள். போனேன். முதலாளி அறையில் பேசிக்கொண்டே கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். பத்துப் பேரும் தலை நிமிராமல் தாள் மடித்துக்கொண்டிருந்தார்கள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அங்கேயே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒவ்வொருத்தி வீட்டிலும் உலை கொதிக்க வேண்டுமே. இரண்டு மாதம் கழித்து, ஒரு பெரிய ஆர்டர் வண்டியேற வேண்டிய நாளில், அதே பத்துப் பேரும் வேலையைத் தொடாமல் உட்கார்ந்துவிட்டார்களாம். மத்தியானச் சாப்பாட்டுக்குள் தாழ்ப்பாள் வந்துவிட்டது.

அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்: பேசாமல் இருக்க வேண்டாம். ஆனால் தனியாகப் போய்ப் பேசவும் வேண்டாம். அடுத்த தடவை "நாங்க இருக்கோம்" என்று யாராவது சொன்னால், "எங்கே இருப்பே? என் பக்கத்துல நிப்பியா?" என்று கேளுங்கள். எத்தனை பேர் ஆமாம் என்கிறார்களோ அதுதான் உங்கள் பலம். மூன்று பேர்தான் என்றால் மூன்றுதான், பரவாயில்லை. அது ஏழு ஆகும் வரை மேலிடத்தில் போய்ப் பேசாதீர்கள்.

நீங்கள் அன்றைக்குச் சொன்னது சரிதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2021 செப்டம்பரில், தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்க்கச் சட்டப்பேரவையில் திருத்தம் கொண்டுவந்தார்கள். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ள, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்பதுதான் அது. வாங்கி வைத்தால் போதும் என்று அதற்கு அர்த்தம் செய்ய முடியாது. உறை பிரிக்காத ஸ்டூலில் யார் உட்கார முடியும்? (உங்கள் வேலை நேரத்தைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். அதே சட்டம்தான் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்கிறது.)

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்கு அவசியம் தெரிய வேண்டும். கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று ஒரு கடைத்தெரு இருக்கிறது. நம் ரங்கநாதன் தெரு மாதிரியே நெரிசல். அங்கே விஜி என்கிற தையல்காரப் பெண், கடைகளில் வேலை பார்க்கும் பெண்களைச் சேர்த்து 'பெண்கூட்டு' என்ற அமைப்பை உண்டாக்கினார். அவர்கள் முதலில் கேட்டது கழிப்பறை. கடைகளில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லாததால், பல பேர் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலே நின்றார்கள். (நீங்களும் அப்படித்தான் செய்கிறீர்களோ என்று பயமாக இருக்கிறது. தயவுசெய்து தண்ணீர் குடியுங்கள்.) அதற்கப்புறம்தான் உட்காரும் உரிமையைக் கையில் எடுத்தார்கள். திருச்சூரில் ஒரு துணிக்கடையின் விற்பனைப் பெண்கள் 'இரிக்கல் சமரம்' என்று பெயர் வைத்து வாரக்கணக்கில் போராடினார்கள். இரிக்கல் என்றால் உட்காருதல். 2018-இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. மூன்று வருஷத்தில் அது நம் ஊருக்கும் வந்தது. உங்களை மாதிரியே கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கிய பெண்கள் வாங்கிக் கொடுத்தது இது.

அந்த மேடம் காட்டிய படங்களுக்கு வருகிறேன். அவற்றில் வெள்ளை டி-ஷர்ட் போட்ட ஓர் ஆப்பிரிக்கப் பெண் இருந்தாரா? லைபீரியாவைச் சேர்ந்த லேமா போவீ. 2011-இல் அமைதி நோபல் பரிசு பெற்ற மூன்று பெண்களில் ஒருவர். அவர் நாட்டில் பல வருஷமாக உள்நாட்டுப் போர். சின்னப் பையன்களைப் பிடித்துக்கொண்டு போய்த் துப்பாக்கியைக் கையில் கொடுத்தார்கள். 2003-இல் இவரும் மற்ற பெண்களும் தலைநகரில் மீன் மார்க்கெட் பக்கத்து மைதானத்தில் வந்து உட்கார்ந்தார்கள். எல்லாரும் வெள்ளை உடை. கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் ஒன்றாக. வெயில், மழை, எதற்கும் எழுந்திருக்கவில்லை. அதிபர் காரில் போகும்போது பார்த்தே ஆக வேண்டிய இடம் அது. அப்புறம் கானா நாட்டில் அமைதிப் பேச்சு நடந்தது. தலைவர்கள் ஹோட்டலில் தங்கி நாளைக் கடத்திக்கொண்டிருந்தார்கள். இந்தப் பெண்கள் அங்கேயும் போய்ப் பேச்சு நடக்கும் கூடத்தின் வாசலை மறித்து, கைகோத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒப்பந்தம் ஆகும் வரை யாரும் வெளியே போக முடியாது என்றார்கள். அந்த ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

படத்தில் அவர் மட்டும்தான் தெரிவார். அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்த மார்க்கெட் பெண்கள் யாரும் தெரிய மாட்டார்கள். அதைப் பார்த்துத்தான் நீங்கள் பயந்துவிட்டீர்கள்.

இன்னொன்று, நம் மாநிலத்திலேயே நடந்தது. தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20-ஆம் தேதி, சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலைவாழ் மக்கள் ஊருக்குள் புகுந்தார்கள். ஊர் ஆலமரத்தடியில் எல்லாரையும் இழுத்துவந்து அடித்தார்கள். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அந்தப் பெண்களில் பலருக்குப் பள்ளிக்கூடமே தெரியாது. அவர்கள்தான் நீதிமன்றத்தில் நின்று சாட்சி சொன்னார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் மாதர் சங்கமும் கூடவே நின்றன. 2011 செப்டம்பர் 29-இல் தீர்ப்பு வந்தபோது, குற்றம் சாட்டப்பட்டவர்களில் அப்போது உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றார்கள். 2023-இல், அதே செப்டம்பர் 29-ஆம் தேதி, சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. உங்கள் வயதை விட நீண்ட வழக்கு. எழுதும்போதே நெஞ்சு அடைக்கிறது எனக்கு.

படித்தவர்களும் அதில் இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் படித்து, நியூயார்க்கில் ஐ.நா.வில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய மைதிலி சிவராமன், விவசாயக் கூலிகளின் குடும்பங்கள் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணிக்குப் போய் விசாரித்து எழுதியவர். சென்னையில் ஆலைத் தொழிலாளர்களோடும் மாதர் சங்கத்திலும் பல வருஷம் இருந்தார். வாச்சாத்திக்கும் அவர் குரல் கொடுத்தார். அவரைப் போன்றவர்கள் மனு எழுதினார்கள், டெல்லி வரை எடுத்துப் போனார்கள். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்ல வாச்சாத்திப் பெண்களால்தான் முடிந்தது. மனு எழுத ஆள் கிடைப்பார்கள், தங்கச்சி. லிஃப்ட்டுக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறது என்று உங்கள் ஒருத்திக்குத்தான் சொல்லத் தோன்றியிருக்கிறது.

சரி, இனி செய்ய வேண்டியது.

டியூட்டியில் போனை லாக்கரில் வாங்கி வைத்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன். அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு ஏறினீர்கள், எத்தனை மணிக்கு இறங்கினீர்கள், யாருக்குக் கால் வீங்கியது, யார் மயங்கி விழுந்தாள், உங்களைக் குடோனுக்கு மாற்றிய தேதி, அப்போது என்ன சொன்னார்கள். அன்றன்றைக்கே எழுதிவிடுங்கள். நோட்டைக் கடை ஹாஸ்டலில் வைக்காமல், நம்பிக்கையான ஒருவர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

வேலையில் சேர்ந்தபோது கொடுத்த கடிதம், சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. கார்டு, பி.எஃப். நம்பர் எல்லாவற்றையும் ஒரு நகல் எடுத்து ஊருக்கு அனுப்பிவிடுங்கள். இதை முதலில் செய்யுங்கள்.

மனு எழுதும்போது பெயர்களை மேலிருந்து கீழாக வரிசையாகப் போடாதீர்கள். வட்டமாகக் கையெழுத்துப் போடுங்கள். யார் முதல் கையெழுத்து என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதற்கும் பயமாக இருந்தால், ஒரு தொழிற்சங்கத்தில் போய்ச் சேருங்கள். சங்கத்தின் பெயரிலேயே மனு கொடுக்கலாம், உங்கள் யார் பெயரும் வெளியே வர வேண்டாம். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தொழிலாளர் ஆணையர் அலுவலகம் இருக்கிறது, தி.நகரிலிருந்து பக்கம்தான். உங்களுக்கு வார விடுமுறை கிடைக்கும் நாளில், அலுவலகம் திறந்திருக்கும்போது, இரண்டு பேராகப் போங்கள். மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

வக்கீல் வேண்டியிருந்தால் காசு இல்லையே என்று நிற்காதீர்கள். பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்று 1987-ஆம் வருஷச் சட்டமே இருக்கிறது. 15100-க்குப் போன் செய்து கேளுங்கள்.

வேலை போய்விடுமோ என்ற பயம் உங்களுக்கு இருக்கும். போகலாம். அதை மறைத்து உங்களுக்குத் தைரியம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணம் இல்லாமல், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தராமல் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அப்பீல் செய்யலாம். நீங்கள் ஆறு வருஷம். ஆனால் அப்பீல் முடியும் வரை தம்பிக்கு ஃபீஸ் யார் கட்டுவது? வேலை போனால் அன்றைக்கே ஹாஸ்டல் அறையும் போகும். அதனால் நான்கு நாள் தங்க ஒரு வீடு, இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் பணம், இரண்டையும் ஏற்பாடு செய்த பிறகே மனு. தம்பியிடமும் விஷயத்தைச் சொல்லுங்கள். காலேஜ் போகிற பையன், அக்கா எப்படிச் சம்பாதிக்கிறாள் என்று தெரிந்துகொள்ளட்டும். அப்புறம், நேரம் பாருங்கள். தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்னால் கடைக்கு ஒவ்வொரு கையும் தேவை. அனுபவப்பட்ட பெண்களை அப்போது அவ்வளவு சுலபமாக அனுப்ப மாட்டார்கள்.

சூப்பர்வைசர் மேல் உங்களுக்கு ஆத்திரம் இருக்கும். எனக்கே வந்தது. ஆனாலும் அவரும் காலையிலிருந்து ராத்திரி வரை அதே தளத்தில் நிற்கிறவர்தானே? சட்டத்தில் "எல்லா ஊழியர்களுக்கும்" என்று இருக்கிறது, அவருக்கும் சேர்த்து. உங்கள் கூட்டத்தில் வயதில் மூத்த ஒருவரை அனுப்பி, "சார், உங்க முட்டி வலிக்கும் சேர்த்துத்தான் கேக்கிறோம்" என்று சொல்லச் சொல்லுங்கள். அவர் உங்கள் பக்கம் வராமல் போகலாம். எதிர்ப் பக்கம் நிற்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

மகளிர் தினக் கேக் சாப்பிட்ட பெண்களுக்கு ஒரு விஷயம் சொல்லுங்கள். 1917-இல் அந்த மார்ச் 8-ஆம் தேதி ரஷ்யாவில் வேலைநிறுத்தம் செய்து தெருவுக்கு வந்தவர்கள் துணி ஆலைப் பெண்கள். நாள் முழுக்கத் துணியோடு நின்றவர்கள்.

ஸ்டூல்கள் எத்தனை என்று நீங்கள் எழுதவில்லையே? லிஃப்ட் பக்கம் போகும்போது எண்ணிப் பாருங்கள். நோட்டின் முதல் வரியில் தேதி போட்டு அதை எழுதுங்கள்.