கீமோவுக்குப் பத்தாம் நாள் வரும் காய்ச்சல்

கேள்வி: எனக்கு வயது 46, ஊர் கோத்தகிரி. மார்பகப் புற்றுநோய் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, கோவையில் 21 நாட்களுக்கு ஒருமுறை கீமோ ஏற்றுகிறார்கள். இரண்டாவது முறை முடிந்த பத்தாம் நாள் இரவு காய்ச்சல் அடித்தது. பாராசிட்டமால் போட்டதும் காலையில் விட்டுவிட்டது. வெள்ளை அணு ஏறுவதற்கு லேகியமும் ஊசியும் மலிவாக வாங்கித் தருவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இரண்டையும் வாங்காதீர்கள். அதைவிட முக்கியம், அந்த இரவுக் காய்ச்சலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். முடி உதிர்வதும் குமட்டலும் தொல்லைகள்தாம். சிகிச்சை முடிந்தபின் முடி வளர்ந்துவிடும். ஆனால் ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையையும் கீமோ மருந்து தாக்குவதால், பெரும்பாலும் 7 முதல் 14 நாட்களுக்குள், தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிடுகின்றன. அந்த நாட்களில் தொற்று ஏற்பட்டால் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். எனவே 100.4 டிகிரி பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காட்டினால், இரவா பகலா என்று பாராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துவிட்டு, ரத்தக்குழாய் வழியாக ஆன்டிபயாட்டிக் தொடங்கப்பட வேண்டும். அதற்காக மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு இறங்கிக்கொண்டிருக்க வேண்டாம். 108-ஐ அழைத்து, அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ ஊட்டியிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சென்று, "கீமோ ஏற்றிப் பத்து நாள் ஆகிறது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

காய்ச்சலே இல்லாமலும் தொற்று இருக்கலாம் என்பதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாராசிட்டமால் போட்டவர்களுக்கும், வாந்தியைத் தடுக்க ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும், முதியவர்களுக்கும் தெர்மாமீட்டர் ஏறாமலே இருந்துவிடலாம். மலையில் இருப்பவர்கள் உடல் நடுக்கத்தைக் குளிரின் கணக்கில் எழுதிவிட்டு இன்னொரு கம்பளியைப் போர்த்திக்கொள்கிறார்கள். போர்வைக்குள்ளும் உடல் தூக்கிப்போட்டால், தலை சுற்றினால், மூச்சு வாங்கினால், சிறுநீர் குறைந்தால், அளவு எதுவாக இருந்தாலும் கிளம்புங்கள். அளந்து பார்க்காமல் பாராசிட்டமால் போடாதீர்கள்.

தெர்மாமீட்டர் வாங்கச் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்புவதும், கோவை காந்திபுரத்தில் இருப்பவருக்கும் கோத்தகிரியில் இருப்பவருக்கும் ஒரே ஆங்கிலத் தாளைக் கொடுத்து, அதன் மூலையில் எச்சரிக்கையை ஒரு வரியாக அச்சிடுவதும் எங்கள் மருத்துவத் துறையின் பழைய வழக்கம். இரவில் எடுக்கப்படும் தொலைபேசி எண் ஒன்றைக் கேட்டு வாங்கும் வேலை நோயாளியின் தலையில் விழுகிறது, கேட்கத் தயங்காதீர்கள்.

இந்த வெற்றிடத்தில்தான் இடைத்தரகர்கள் புகுந்துகொள்கிறார்கள். வெள்ளை அணுவைத் தூண்டும் ஊசி உண்மையில் உண்டு. ஆனால் அதை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும், கீமோ முடிந்து 24 மணி நேரமாவது கழித்தே போட வேண்டும். பிளாஸ்டிக் பையில் பேருந்தில் வரும் ஊசி எந்த நிலையில் இருக்கிறதென்று கொண்டுவருபவருக்கே தெரியாது. லேகியத்தில் என்ன கலந்திருக்கிறதென்பதும் அப்படியே. கீமோ மருந்துகள் பலவற்றைக் கையாளும் கல்லீரல், அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமக்க நேரும். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், எது அதில் அடங்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் நேரடியாகக் கேளுங்கள். அதற்குக் கமிஷன் தர வேண்டியதில்லை.

மூன்றாவது கீமோவுக்கு முன்பு, பத்தாம் நாள் காய்ச்சல் வந்ததை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவர் ரத்த அணு எண்ணிக்கையைப் பார்த்து, ஊசியைச் சேர்க்கலாம், கீமோவின் அளவைக் குறைக்கலாம் அல்லது சில நாள் தள்ளிவைக்கலாம். அதுவரை மீண்டும் காய்ச்சலோ நடுக்கமோ வந்தால், அன்றே மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள்.