குழித்துறை கோர்ட்டிலிருந்து டெல்லிக்கு

கேள்வி: எனக்கு வயது 29. குழித்துறை நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். பெரும்பாலும் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகள்தான். நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டும், அண்டை நாடுகளோடு பேசுகிற இடத்தில் ஒருநாள் இருக்க வேண்டும் என்று ஆசை. "இருக்கிற தொழிலையும் கெடுத்துக்கொள்ளாதே. அரசியலில் நமக்கு யாரைத் தெரியும்?" என்கிறார் அப்பா. நான் என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மார்த்தாண்டம்

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அப்பாவின் பயத்தைத் தீர்த்துவிடுவோம். எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் வழக்கறிஞர் தொழில் செய்யத் தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது. தேர்தலில் நின்றால் தொழில் போய்விடாது. தோற்றாலும் போய்விடாது.

சுஷ்மா சுவராஜ் 1973-ல் உச்ச நீதிமன்ற வழக்கறிஞரானார். 25 வயதில் ஹரியானா அமைச்சரானார். இதை எல்லோரும் சொல்வார்கள். அதன்பின் 1980, 1984, 1989 என மூன்று மக்களவைத் தேர்தல்களில் கர்னால் தொகுதியில் அவர் தோற்றதை யாரும் சொல்வதில்லை. அப்பாவிடம் அதைச் சொல்லுங்கள். 2014-ல் வெளியுறவு அமைச்சரானார். 1974-ல் வங்கதேசத்தோடு கையெழுத்தாகிக் கிடப்பில் கிடந்த எல்லை ஒப்பந்தம், மறு ஆண்டே அரசியல் சட்டத்தின் 100-வது திருத்தமாக, இரு அவைகளிலும் ஓர் எதிர்ப்பு வாக்குகூட இல்லாமல் நிறைவேறியது. ஒரு நாட்டுக்குள் சிக்கிக் கிடந்த மற்ற நாட்டின் 162 நிலத்திட்டுகள் கைமாறின. தலைமுறைகளாக எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களைப் போல வாழ்ந்த மக்களுக்குக் குடியுரிமை கிடைத்தது.

டெல்லி தூரமென்றால் திருவனந்தபுரத்தைப் பாருங்கள். நம் மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், வழக்கறிஞர் அன்னா சாண்டி 1931-ல் அந்த சமஸ்தானத்தின் சட்டமன்றமான ஸ்ரீமூலம் சபைக்குப் போட்டியிட்டார். எதிரணியும் பத்திரிகைகளும் அவரைக் கடுமையாகத் தாக்கின. அவர் ஒதுங்கவில்லை, வென்று சபைக்குள் போனார். பின்னாளில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியும் ஆனார்.

இனி உங்கள் விஷயம். அயலுறவு என்பது டெல்லியில் மட்டும் நடப்பதாக நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. தூத்தூரும் வள்ளவிளையும் உங்கள் கோர்ட்டிலிருந்து எவ்வளவு தூரம்? அங்கிருந்து ஆழ்கடலுக்குப் போகிற விசைப்படகுகள் இந்தியப் பெருங்கடலின் நடுவே உள்ள டீகோ கார்சியா தீவுப் பக்கம்கூடப் பிடிபட்டிருக்கின்றன. படகின் பதிவுச் சான்று, ஆதார் நகல், கடைசியாகப் பேசிய நேரம் எழுதிய ஒரு துண்டுத் தாள் இவற்றோடு ஒரு மீனவர் மனைவி கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்கும்போது, அவருக்குத் தேவை சர்வதேசச் சட்டம் தெரிந்த ஒரு வக்கீல். 1982-ம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையில் 73-வது பிரிவைப் படியுங்கள். ஒரு நாட்டின் பொருளாதார மண்டலத்தில், அதாவது மீன்வளம் அந்த நாட்டுக்கே உரியதான கடல்பகுதியில், மீன்பிடித்ததற்காகப் பிடிபட்ட படகையும் ஆட்களையும் நியாயமான பிணை பெற்றுக்கொண்டு விரைவில் விடுவிக்க வேண்டும். நாடுகளுக்கிடையே வேறு உடன்பாடு இல்லாவிட்டால் சிறைத் தண்டனை கூடாது என்கிறது அது. கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க் மீன்வளப் பகுதி இந்தியாவுக்கு உரியது என்று உறுதியான 1976-ம் ஆண்டு இலங்கை உடன்பாட்டையும் வரிவிடாமல் படியுங்கள். நம் கடலைப் பற்றிய ஒப்பந்தத்தை நம் பிள்ளைகள் படிக்காமலிருப்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

விபத்து வழக்குகளை விட வேண்டாம். சோறு போடுவது அதுதான். கூடவே ஒரு மீனவர் வழக்கை எடுத்து, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடுங்கள். வெளியுறவு அமைச்சகத்துக்கு எப்படி எழுத வேண்டும், எந்தத் தூதரகம் எப்படிப் பதில் சொல்லும் என்பதெல்லாம் அப்போதுதான் பிடிபடும். அமைச்சகத்தின் சட்டம் மற்றும் உடன்படிக்கைகள் பிரிவுக்கு யு.பி.எஸ்.சி. வழியாகச் சட்ட அதிகாரிகளை எடுக்கிறார்கள். அந்த அறிவிப்புகளையும் கவனியுங்கள். ஆனால் அது அரசுப் பணி, அங்கிருந்துகொண்டு தேர்தலில் நிற்க முடியாது. எது வேண்டும் என்பதை இப்போதே யோசித்து வையுங்கள்.

தேர்தல்தான் என்றால் உள்ளாட்சியில் தொடங்குங்கள். தமிழ்நாட்டில் அங்கே பாதி இடங்கள் பெண்களுக்கு. உங்கள் வார்டின் வாக்காளர் பட்டியலை வாங்கி, அப்பாவோடு உட்கார்ந்து படியுங்கள். "யாரைத் தெரியும்" என்று கேட்டாரே, அதில் பாதிப் பேரை அவருக்கே தெரிந்திருக்கும்.