பாஹா அணி நேர்காணல்: ப்ராஜெக்ட் எதுவும் செய்ததில்லையே?

தம்பி, வியாழக்கிழமை காலேஜ் பாஹா அணிக்கு (கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டியை மாணவர்களே கட்டி, மற்ற காலேஜ்களோடு போட்டியிடும் அணி) நேர்காணல், கையில் ஒரு ப்ராஜெக்ட் கூட இல்லை, இங்கிலீஷும் தடுமாறும் என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கிலீஷை விடுங்கள், கேட்கப்போவது உங்கள் சீனியர்கள்தான், பாதிப் பேர் தமிழிலேயே கேட்பார்கள்.

நான் இரண்டு வருடம் அந்த மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவன். முதலாண்டு பையனைச் சஸ்பென்ஷன் கணக்குக் கேட்டு மடக்க மாட்டோம். எஞ்சின் எல்லா அணிக்கும் ஒரே வகைதானே, அப்புறம் ஒரு வண்டி மட்டும் எப்படி முந்துகிறது என்று கேட்போம். எடை, கியர் விகிதம், நான்கு மணி நேர என்டூரன்ஸ் ஓட்டத்தில் உடையாமல் நிற்பது என்று யோசித்துப் பேசினாலே போதும். போட்டி ரூல் புக்கில் ரோல் கேஜ் (வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் குழாய்க் கூண்டு) பகுதியையாவது படித்துவிடுங்கள்.

வீட்டு பைக் செயினை நீங்களே கழற்றி மாட்டியிருந்தால் அதைச் சொல்லுங்கள். ஒருவன் அப்பாவின் டிவிஎஸ் எக்ஸ்எல் கார்புரேட்டரைப் பிரித்து மாட்டியதில் ஒரு ஸ்க்ரூ மிச்சமானதைச் சிரிக்காமல் சொன்னான், அவனைத்தான் எடுத்தோம்.

கடைசியில், பரீட்சை வாரத்திலும் ராத்திரி ஒர்க்‌ஷாப்புக்கு வருவாயா என்பார்கள். எப்போதும் வருவேன் என்று அடித்துவிடாதீர்கள், நாங்களே வந்ததில்லை.